‘வைரஸுக்குக் கதவடைக்கும்’ காப்சூல்: இரண்டரை டப்பா விழுங்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் நம்பி வாங்கவில்லை, எரிச்சலில்தான் வாங்கினேன். தங்கை ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, நீ இந்த வேலைதானே பார்த்தே, இது நிஜமா?" என்று கேட்டிருந்தாள். நான் ஆறு வருஷம் ஒரு வைரஸ் ஆய்வகத்தில் செல் வளர்க்கிற வேலையில் இருந்தவள். தட்டுத் தட்டாகச் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, மருந்தை விட்டு, ஓட்டை எண்ணுகிற வேலை. அதனால் "இயற்கை மூலக்கூறுகள் வைரஸ் செல்லுக்குள் நுழைவதையே தடுக்கும்" என்ற வரியைப் பார்த்ததும் பொய் என்று தள்ளவும் முடியவில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் முடியவில்லை. சரி, வாங்கி விழுங்கிப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று ஆரம்பித்தேன்.

ஒரு டப்பாவில் 60 காப்சூல், ஒரு நாளைக்கு இரண்டு. இரண்டு காப்சூலில் என்ன இருக்கிறது என்று பின்பக்கம் போட்டிருக்கிறார்கள்: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வெங்காயம், ஆப்பிளில் இருக்கும் குவெர்செட்டின் 250, கிரீன் டீ சாறு 300 (அதில் பாதி ஈஜிசிஜி, அதாவது கிரீன் டீயின் முக்கிய வேதிப்பொருள்), மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் 200, மிளகின் பைப்பரின் 5, துத்தநாகம் 10. ரகசியக் கலவை என்று மூடி மறைக்காமல் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாகப் போட்டதற்கு ஒரு பாராட்டு. இந்த மாதிரிப் பொருள்களில் அது அபூர்வம்.

காப்சூல் பெரியது. தண்ணீர் இல்லாமல் இறங்காது, தண்ணீரோடும் முதல் வாரம் தொண்டையில் நின்றது. மூன்றாம் நாள் ஒன்றைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் கலந்த சேற்று நிறத்தில் பொடி, நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு கசப்பு, கடைசியில் ஒரு துவர்ப்பு. விரல் நுனியில் ஒட்டிய மஞ்சள் இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. இரண்டாவது டப்பாவில் அடியில் கிடந்த சில காப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே பழுப்புத் திட்டாகத் தெரிந்தன. ஈரம் புகுந்தால் வைட்டமின் சி இப்படித்தான் பழுப்பாகும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ளே இருந்தும் இந்தக் கதி. வெறும் வயிற்றில் எடுத்த அன்றெல்லாம் நெஞ்செரிச்சல். சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றியதும் அடங்கியது. லேபிளில் எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

இனி அந்தப் பெரிய வாக்கியத்துக்கு வருவோம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் அந்த வரியின் கடைசியில் ஒரு குட்டி நட்சத்திரம். அதே நட்சத்திரத்தை டப்பாவைச் சுற்றித் தேடினால் அடியில், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில், "செல் வளர்ப்பு ஆய்வுகளின் அடிப்படையில்" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிற அளவில் ஒரு வரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் மொத்த விஷயமும் அந்த அரை சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. எந்த அளவில் சோதித்தீர்கள் என்று கேட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒன்பது நாள் கழித்து வண்ண வண்ணமாக ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் ஒரு வரைபடம், கோடு அழகாகக் கீழே இறங்குகிறது, கீழ் அச்சில் "அளவு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன அலகு என்று இல்லை. மில்லிகிராமா, மைக்ரோமோலாரா (திரவத்தில் எவ்வளவு அடர்த்தியாகக் கரைந்திருக்கிறது என்கிற அலகு), வாளியா, தெரியாது. திரும்பக் கேட்டேன், "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில்.

வைரஸ் எப்படி உள்ளே போகிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் இவர்கள் விற்கும் யோசனை முட்டாள்தனமானது அல்ல என்பது புரியும். கோவிட் வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் நம் செல்லின் மேலுள்ள ஏஸ்2 என்ற ஏற்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது, நம் செல்லிலேயே இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி அந்த ஸ்பைக்கை வெட்டிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் இணைந்து உள்ளே வழி திறக்கும். அந்த நொதி இல்லாத செல்லில் வைரஸ் வேறு வழி பார்க்கும்: செல் அதை ஒரு குமிழுக்குள் விழுங்கி, உள்ளே அமிலமாகும்போது கதெப்சின் எல் என்ற இன்னொரு நொதி வெட்டிக் கொடுக்கும். ஃப்ளூ வைரஸுக்கு வேறு பிடிமானம், செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலம். இந்த இடங்களில் எங்காவது ஒன்றில் குறுக்கே எதையாவது போட்டால் தொற்று நடக்காது. இதெல்லாம் உண்மை. நுழைவைத் தடுக்கும் மருந்துகள் நிஜமாகவே இருக்கின்றன: எச்ஐவிக்கு 2003-இல் வந்த என்ஃபூவிர்டைட், 2007-இல் வந்த மரவிரோக். இரண்டும் மனிதர்களிடம் சோதித்து, ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்த்து வந்தவை.

தட்டில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஒரே அடுக்காகச் செல்கள். பெரும்பாலும் வீரோ செல்கள், அதாவது 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றுவரை வளர்ந்துகொண்டே இருப்பவை. வைரஸையும் கிரீன் டீயின் ஈஜிசிஜியையும் ஒரு குழாயில் கலந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அந்தக் கலவையைச் செல்களின் மேல் ஊற்றுவோம். சில நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டால் உயிரோடு இருக்கும் செல்கள் ஊதாவாக நிற்கும், வைரஸ் தின்ற இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். மருந்தில்லாத குழி சல்லடை மாதிரி இருக்கும், ஈஜிசிஜி போட்ட குழி முழு ஊதா. பார்க்கும்போது மனம் துள்ளும், நானும் துள்ளியிருக்கிறேன். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹெர்பிஸ், ஃப்ளூ, ஹெபடைடிஸ் சி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வைரஸ்களுக்கெல்லாம் ஈஜிசிஜி செல்லில் ஒட்டவிடாமல் செய்ததைக் காட்டினார்கள். தட்டில் அது நடக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள், குழாய்க்குள் வைரஸும் ஈஜிசிஜியும் மட்டும் ஒரு மணி நேரம் முகத்தோடு முகம். நம் உடம்பில் அந்தச் சந்திப்பு எங்கே நடக்கும்? வைரஸ் மூக்கில் இறங்குகிறது, காப்சூல் வயிற்றில். காப்சூலில் இருப்பது குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, மூக்கின் சளிப்படலத்துக்கு வந்து சேர்ந்து, அங்கே போதிய அளவில் காத்திருக்க வேண்டும். தட்டில் நாங்கள் பத்து, ஐம்பது, நூறு மைக்ரோமோலார் என்று சர்வசாதாரணமாக ஊற்றுவோம். சாதாரண அளவில் விழுங்கினால் ரத்தத்தில் ஈஜிசிஜி ஒரு மைக்ரோமோலாரை எட்டினாலே பெரிய விஷயம், அதுவும் சில மணி நேரத்துக்கு. குர்குமின் இன்னும் மோசம். கிராம் கணக்கில் விழுங்கினாலும் உருமாறாத குர்குமின் ரத்தத்தில் நானோமோலார் அளவில்தான் தென்படும், மைக்ரோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் பிடித்து வேறு வடிவமாக்கி அனுப்பிவிடும், தட்டில் சோதித்த அதே பொருள் ரத்தத்தில் கிட்டத்தட்ட கிடையாது.

"அதற்குத்தானே பைப்பரின் சேர்த்திருக்கிறோம்" என்பார்கள். 1998-இல் வந்த அந்தப் புகழ்பெற்ற ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது, நிஜம்தான். இந்த டப்பாவில் இருப்பது 5 மில்லிகிராம். தவிர, கிட்டத்தட்டச் சுழியாக இருப்பதை இருபதால் பெருக்கினால் என்ன வரும் என்று கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி, இது ஆய்வக ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. ஈஜிசிஜி, குர்குமின், குவெர்செட்டின் மூன்றும் சோதனைக் குழாயில் எதைக் கொடுத்தாலும் "வேலை செய்கிறது" என்று காட்டும் ரகம். புரதங்களில் கண்டபடி ஒட்டும், சவ்வைக் குழப்பும், நிறம் கொடுத்துக் கருவியை ஏமாற்றும். மருந்து வேதியியலில் இவற்றுக்கென்றே ஒரு கறுப்புப் பட்டியல் இருக்கிறது. 2017-இல் குர்குமினைப் பற்றி வந்த விரிவான மதிப்பீடு, 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும் முறையான ஒப்பீட்டுடன் வெற்றிபெற்றது ஒன்றுகூட இல்லை என்று முடித்தது. வைட்டமின் சிக்கும் ஒரு தட்டு வித்தை உண்டு: செல் வளர்க்கும் திரவத்தில் ஊற்றியதும் அது காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கிளப்பும். ஈஜிசிஜியும் அதையேதான் செய்யும். பல சமயம் நாம் பார்க்கிற விளைவு வைட்டமினுடையதா பெராக்சைடுடையதா என்று பிரித்தறிய வேறு சோதனை வைக்க வேண்டும். வைக்காமலே ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு.

வைட்டமின் சியை மட்டும் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் கொஞ்சமாவது மரியாதைக்குரியது அதுதான். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தார். வைட்டமின் சியைப் பிரித்தெடுத்த சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-இல் நோபல் கிடைத்தது. ஜலதோஷத்துக்குக் கிராம் கணக்கில் விழுங்கு என்ற கதை 1970-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடமிருந்து பரவியது. இரண்டு நோபல் வாங்கிய மனிதர், அதனால் பலர் அப்படியே நம்பினார்கள். ஆனால் உடம்பு பாலிங் பேச்சைக் கேட்கவில்லை. குடலில் இதை உள்ளே இழுக்கும் வாசல்களுக்கு ஓர் எல்லை உண்டு, சிறுநீரகமும் மிச்சத்தை வெளியே தள்ளும். ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராமுக்குள்ளேயே ரத்த அளவு 70-80 மைக்ரோமோலாரை ஒட்டி நின்றுவிடும். ஒரே வேளையில் ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூட உள்ளே போகாது. இந்த டப்பாவின் 500-இல் கணிசமான பங்கு கழிவறைக்குத்தான்.

அதற்கு உண்மையில் என்ன வேலை என்றால், கதவில் நிற்கிற காவலாளி வேலை அல்ல, வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சோறு போடுகிற வேலை. நம் வெள்ளணுக்கள் ரத்தத்தில் இருப்பதைப் போல ஐம்பது, நூறு மடங்கு வைட்டமின் சியை உள்ளே சேர்த்துவைத்துக்கொள்ளும். தோலையும் சளிப்படலத்தையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கட்டவும் அது வேண்டும். குறைந்தால் கஷ்டம், நிறைந்த பிறகு ஊற்றினால் வழியும், அவ்வளவுதான். ஜலதோஷத்தைப் பற்றி 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பு (பல சோதனைகளைத் திரட்டி அலசும் அமைப்பு அது) 11,306 பேரின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது: தினமும் எடுத்துவந்த சாதாரண ஆட்களுக்கு ஜலதோஷம் வருவது குறையவில்லை. வந்தால் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் சீக்கிரம் விட்டது. ஏழு நாள் சளி என்றால் எனக்கு அரை நாள் மிச்சம். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கிற ராணுவத்தினர் போன்றவர்களிடம் மட்டும் வருவதே பாதியாகக் குறைந்தது. வந்த பிறகு ஆரம்பித்தால் உருப்படியான பலன் இல்லை. கோவிடிலும் பார்த்துவிட்டார்கள், 2021-இல் வீட்டிலிருந்த 214 நோயாளிகளிடம் நாளுக்கு 8000 மில்லிகிராம் வைட்டமின் சியும் துத்தநாகமும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தும் அறிகுறி சீக்கிரம் குறையவில்லை, சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

இவ்வளவு சொல்லியும் "தட்டில் வேலை செய்கிறதே" என்று இழுப்பவர்களுக்கு குளோரோகுயின் கதை ஒன்றே போதும். 2005-இலேயே வீரோ செல்களில் சார்ஸ் வைரஸை, அதாவது கோவிட் வைரஸின் நெருங்கிய உறவை, அருமையாக நிறுத்திய மலேரியா மருந்து அது, குமிழுக்குள் அமிலமாகவிடாமல் கெடுத்து கதெப்சின் வழியை அடைத்துவிடும். 2020-இல் உலகமே அதன் பின்னால் ஓடியது. அதே வருஷம் கோவிட் வைரஸை மனித நுரையீரல் செல்லில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் நான் மேலே சொன்னதுதான், குரங்குச் சிறுநீரகச் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாததால் வைரஸ் குமிழ் வழியாகப் போனது, நுரையீரல் செல்லில் அந்த நொதி இருப்பதால் வாசலிலேயே வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அடைத்தது பின்வாசல், வந்தது முன்வாசல் வழியாக. அதன் தம்பி ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவமனையில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த, பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற பெரிய சோதனையில் மரணம் குறையவில்லை. மாத்திரையாக நன்றாக உறிஞ்சப்படுகிற ஒரு மருந்துக்கே இந்த நிலை என்றால், ரத்தத்துக்கே வந்து சேராத குர்குமினை என்ன சொல்ல?

இயற்கைப் பொருளே உதவாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடற்பாசியிலிருந்து வரும் ஐயோட்டா-கராஜீனன் என்ற வழவழப்பான பொருளை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் செய்து, அர்ஜென்டினாவில் 394 சுகாதாரப் பணியாளர்களிடம் சோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் ஸ்ப்ரே அடித்தவர்களில் 1 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் அடித்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கோவிட் வந்தது. சின்னச் சோதனை, ஆள் கணக்கில் இரண்டுக்கு பத்து, அதனால் துள்ளிக் குதிக்க மாட்டேன். ஆனால் புத்தி சரியான இடத்தில் இருக்கிறது: வைரஸ் இறங்குகிற இடத்திலேயே பொருளை வைக்கிறார்கள், வயிற்றைச் சுற்றி அனுப்புவதில்லை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அம்மா இதைப் பார்த்துவிட்டு "சித்தப்பாவுக்கும் ஒரு டப்பா சொல்லேன், அவருக்கு அடிக்கடி சளி பிடிக்குது" என்றாள். சித்தப்பா வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுக்கிறவர். பைப்பரின் அந்த மருந்தின் ரத்த அளவை ஏற்றும். ஃபெனிடாயினோ கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது என்று கொண்டுபோய் விடும் மருந்து. லேபிளில் "மற்ற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்" என்ற சம்பிரதாய வரிகூட இல்லை. குர்குமினைப் பைப்பரினோடு சேர்த்து எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. ஈஜிசிஜி மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. இதில் 150தான், சரி, ஆனால் "தொற்றுக் காலத்தில் இரண்டு மடங்கு எடுக்கலாம்" என்று உள்ளே வைத்த துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள், கூடவே வேறு கிரீன் டீ மாத்திரையும் எடுக்கிறவர் என்ன ஆவார்? வைட்டமின் சி மாத்திரை எடுத்த ஸ்வீடன் ஆண்களிடம் சிறுநீரகக் கல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் வந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்த டப்பா பக்கமே போக வேண்டாம். "இயற்கை" என்று எழுதிவிட்டால் எச்சரிக்கை எழுத வேண்டாம் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், இந்த இரண்டரை மாதத்தில் இரண்டு முறை சளி பிடித்தது. ஒன்று நான்கு நாளில் போனது, இன்னொன்று பத்து நாள் இழுத்தது. ஒரு ஆளின் கணக்கில் இதற்கு எந்த அர்த்தமும் இல்லை, காப்சூல் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க இன்னொரு நான் கிடையாது. விமர்சனங்களில் "ஒரு சளிகூட வரவில்லை, ஐந்து நட்சத்திரம்" என்று எழுதியிருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கிறேன். ஒன்று, அளவுகளை ஒளிக்காமல் போட்டதற்கு. அரை, உள்ளே நிஜமாகவே இருக்கும் வைட்டமின் சிக்கும் துத்தநாகத்துக்கும். பழமும் காய்கறியும் ஒழுங்காகச் சாப்பிட வாய்க்காதவர், புகைபிடிப்பவர் என்றால் வைட்டமின் சி மாத்திரை மட்டும் தனியாக, சின்ன அளவில், இதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். தங்கைக்கும் இதைத்தான் சொன்னேன். "அப்போ கதவு?" என்று கேட்டாள். தடுப்பூசி போட்டுக்கோ, கூட்டத்தில் மாஸ்க் போடு, ஜன்னலைத் திற என்றேன். "இதுக்கு நீ இரண்டரை மாசம் எடுத்துக்கிட்டியா" என்று சிரிக்கிறாள்.

மூன்றாவது டப்பாவில் இன்னும் 26 காப்சூல் கிடக்கின்றன. திருப்பி அனுப்பக் கேட்டேன், மூடி திறந்திருந்தால் எடுக்க மாட்டார்களாம். ஒட்டிப்போய்ப் பழுப்பான அந்த இரண்டாவது டப்பாவுக்கும் அதே பதில். ஒட்டியிருப்பதைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறேன், இன்று பதினோராவது நாள்.